கடைசி வரிசைக்குப் பின்னால்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கராத்தே படித்தவன். சிரிக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். போன வாரம் மாடிப்படியில் ஒரு பூனை குறுக்கே ஓடியதற்கு நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “கராத்தே கத்துக்கிட்ட வாயாச்சே” என்றாள். கராத்தேயில் அடிக்கும்போது வயிற்றிலிருந்து சத்தம் போடச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்த ஒரே பாடம் அதுதான்.

நான் ஆசைப்பட்டுச் சேரவில்லை. அக்காவுக்குத் துணையாகச் சேர்க்கப்பட்டேன்.

அக்கா பள்ளிக்கூடத்திலேயே கராத்தே படித்து, பட்டைக்கு மேல் பட்டையாக வாங்கிக்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்து கல்லூரிக்குப் போனதும் வகுப்பு காரைக்கால் டவுனுக்கு மாறிவிட்டது. சாயங்காலம் பஸ் பிடித்துப் போய், இருட்டிய பிறகு கோட்டுச்சேரிக்குத் திரும்ப வேண்டும். கறுப்புப் பட்டை வாங்காமல் நிறுத்துவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்பாவும் ஒரு முடிவு செய்திருந்தார்.

“பொம்பளப் புள்ள தனியா போயிட்டு இருட்டுன பெறவு வர்றது சரிப்படாது. தம்பி கூட வந்தா போ. அவன் என்னைக்கி நிக்கிறானோ, அன்னைக்கி நீயும் நின்னுக்க.”

அந்தக் காலத்தில் அக்கா ஓடுகளை அடுக்கி வைத்து ஒரே குத்தில் உடைப்பாள். நான் இருட்டில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் அவளைத்தான் எழுப்புவேன். எங்கள் இருவரில் காவல்காரன் யார் என்பதை அப்பா அப்படித் தீர்மானித்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பஸ்ஸில், ஊருக்குள் மீன் விற்று முடித்துக் கருக்களாச்சேரிக்குத் திரும்புகிற அம்மாக்கள் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“என்ன தம்பி, அக்காவுக்குக் காவலா?”

“ஆமாங்க.”

“ஒனக்கு யாரு காவலு?”

கூடைகள் எல்லாம் குலுங்கின. நான் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமாகப் பட்டது.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைத்தெருத் தையல்காரர் கராத்தே உடுப்பை அதற்கு முன் கண்டதில்லை. அக்காவின் பழைய உடுப்பை மாதிரிக்குக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைக்காரனோ ஜப்பான்காரனோ விட்டுவிட்ட குறைகளையெல்லாம் தன் சொந்த அறிவால் சரிசெய்தார். எனக்கு மட்டும் காலர் வைத்தார். மார்பில் பேனா வைக்க ஒரு பை வைத்தார். “வளர்ற புள்ள” என்று சொல்லி இன்னொரு பையன் உள்ளே நுழையும் அளவுக்குத் தைத்தார். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும் அந்த உடுப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதன் வாசனை மட்டும், வேர்வையும் நீலமும் மழைக்காலப் புழுக்கமுமாக, சில நாள் பீரோவைத் திறக்கும்போது வருகிறது. பீரோவில் அது இல்லை.

மாஸ்டருக்குப் பகலில் மின்துறை உத்தியோகம். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவார். வகுப்பு நடத்த வாடகையில்லாத இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. எப்போது போனாலும் மீட்டர் ஓடாத வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அது ஒரு சொல்தாவின் வீடு. அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய் வெகு காலம். வாசல் கேட்டருகே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு ஒரு காவல்காரப் பெரியவர் இருந்தார். வீட்டுக்காரரை அவர் முசே என்றுதான் சொல்வார். “முசேக்கு எழுதிக் கேட்டேன். ஆளு பொழங்குனா நல்லதுதான்னுட்டாரு” என்று மாஸ்டரிடம் சாவியைக் கொடுத்தார். விளக்கு வைத்த பிறகு அவர் மட்டும் உள்ளே வரமாட்டார்.

கூடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. சுவர் அகலத்துக்கு, விதானம் வரைக்கும். வாசல் வழியாக எடுத்துப் போக முடியாது என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடல்காற்று பட்டுப் பட்டு அதன் ரசம் உதிர்ந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புத் திட்டுகள். மாஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “மெட்ராஸ்லகூட இப்படி வச்சுப் பழக முடியாது. அவனவன் தப்ப அவனவனே பாத்துக்கலாம்.”

முதல் நாள் சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள் உள்ளே போகும்போது, காவல்காரப் பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கண்ணாடிக்குப் பின்னாடி செவுருதான் தம்பி. வேற ஒண்ணும் இல்ல.”

நான் ஒன்றுமே கேட்கவில்லை.

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இருக்க மாட்டான். ஆனால் இடப்பக்கம் ஒருவன் வருவதாக நினைத்துக்கொண்டு தடுக்க வேண்டும், வலப்பக்கம் இன்னொருவன் வருவதாக நினைத்துக்கொண்டு குத்த வேண்டும். எந்த அடிக்குப் பின் எந்த அடி என்பது எழுதி வைத்தது போல் மாறாமல் இருக்கும். பரீட்சையில் முக்கியமாக அதைத்தான் பார்ப்பார்கள். “எதிரி இல்லன்னு ஆடாத. இருக்கான்னு ஆடு” என்று மாஸ்டர் தினமும் சொல்வார். ஏற்கெனவே பயந்தாங்கொள்ளியாக இருப்பவனிடம் சொல்லத்தக்க வார்த்தையா இது?

வரிசையில் பழைய ஆட்கள் முன்னால், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். புதியவர்கள் கடைசியில். எனக்கு அது வசதி. முன்னால் நிற்பவனைப் பார்த்துக் காப்பியடித்தால் போதும். ஆனால் கட்டாவின் நடுவில் எல்லோரும் அப்படியே திரும்பி, வந்த பக்கமே அடி வைத்துப் போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். பார்த்துச் செய்ய எனக்கு முன்னால் யாரும் கிடையாது. ஒரு பச்சைக் கதவு மட்டும். உள் அறைக்குப் போகிற கதவு, எப்போதும் பூட்டியிருக்கும்.

மாங்கனித் திருவிழா முடிந்து சேர்ந்தோம். ஆடி, ஆவணி எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஐப்பசி மழை பிடித்து, சாயங்காலம் சீக்கிரமே இருட்ட ஆரம்பித்த பிறகுதான் அவனைப் பார்த்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். முன் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசையில் காலர் வைத்த கராத்தே வீரனாக நான். எனக்குப் பின்னால் ஒரு பையன். வெள்ளை உடுப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியின் கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. நாங்கள் கையை நீட்டினோம். அவனும் நீட்டினான், கொஞ்சம் தாமதமாக. நாங்கள் இழுத்தோம். அவனும் இழுத்தான், கொஞ்சம் தாமதமாக.

யாரோ புதுப் பையன் என்று முதலில் நினைத்தேன். எனக்கும் கீழே ஒருவன் வந்துவிட்டானே என்று சந்தோஷம்கூடப் பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்பம் வந்தது. திரும்பினேன். அவன் முகத்துக்கு எதிரே என் முகம் வந்திருக்க வேண்டும். யாரும் இல்லை. பச்சைக் கதவு இருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் தரையில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஈரம் பூத்திருந்தது.

கட்டாவில் அடுத்த அடி முன்னால் வைக்க வேண்டும். அதாவது அவன் நின்ற இடத்துக்குள்.

மற்றவர்கள் எல்லோரும் இல்லாத எதிரியை இருப்பதாக நினைத்துக் குத்தினார்கள். நான் இருப்பவனை இல்லை என்று நினைத்துக் குத்த வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “சாரி, சாரி” என்று முணுமுணுத்தபடி, தட தடவென்று அடிகளை முடித்துவிட்டு மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றேன். மற்றவர்கள் பாதி வழியில் இருந்தார்கள்.

மாஸ்டர் அருகில் வந்தார். “எதிரிகிட்ட எதுக்குடா சாரி கேக்குற?”

“பழக்கம் சார்.”

“ஆனா வேகம் இருக்கு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பாருங்கடா, திரும்புனதும் எப்படிப் பாயுறான்னு. பயமே இல்லாதவன்தான் இப்படிப் போவான்.”

பெரியவர்கள் நம்மைப் புரிந்துகொண்ட விதத்தை நினைத்து நினைத்து நான் இந்த வயதில் தனியாகச் சிரிப்பது உண்டு. மாஸ்டர் அந்த வாரமே என் பெயரைப் பட்டைப் பரீட்சைக்குச் சேர்த்துவிட்டார். அக்காவுக்கும் அதே நாளில்தான் பரீட்சை, பழுப்புப் பட்டைக்கு. அதற்கு மேல் கறுப்பு ஒன்றுதான் பாக்கி.

எங்கள் ஊர்க்காரனுக்குப் பேய் பிசாசு புதிதில்லை. பேயுருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட தாய்க்கு மாம்பழம் வீசித் திருவிழா எடுக்கிற ஊர். ஆனால் வீதியில் கூட்டத்தோடு நின்று கும்பிடுவது வேறு, முதுகுக்குப் பின்னால் ஒருவனை வைத்துக்கொண்டு காலை அகட்டிக் குதிரை நிலையில் நிற்பது வேறு. பக்கத்தில் நிற்கிற துணிக்கடைக்காரர் மகனிடம், கண்ணாடியில் எத்தனை பேர் தெரிகிறோம் என்று நைசாகக் கேட்டேன்.

“ஏன் கேக்குற?” என்றான்.

“சும்மா.”

“நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல” என்றான். போகும்போது, கட்டாவில் திரும்புவதற்கு முன்னால் பிஸ்மி சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தான். நான் அதையும் சொன்னேன். முருகனையும் கூப்பிட்டேன். பஸ் வழியில் தெரிகிற மாதா கோயிலுக்கும் ஒரு கும்பிடு வைத்தேன். யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. யாரும் வரவும் இல்லை. அவன் மட்டும் தினம் வந்தான்.

அக்காவிடம் சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, மழைத்தூறலில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“அப்பாகிட்ட?”

“இல்லக்கா.”

“சொன்னீன்னா என் கத முடிஞ்சிச்சு. பேய் வீட்டுக்குப் புள்ளைங்கள அனுப்புவாரா அவரு? அதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்காரு.” குடையை என் பக்கம் சாய்த்தாள். “அவன் ஒன்ன எதாச்சும் பண்ணுனானா?”

“நான்தான் அவனக் குத்துறேன்.”

“அப்ப அவன்தான பயப்படணும். பரீட்ச வரைக்கும் பொறுத்துக்கடா. எனக்காக.”

மறுநாள் அவள் மாஸ்டரிடம் போய், சின்னப் பிள்ளைகளைத் திருத்துவதற்குக் கடைசி வரிசையில் ஆள் வேண்டும் என்று சொல்லி, முன் வரிசையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கராத்தேயில் முன் வரிசை என்பது லேசில் கிடைப்பதில்லை. திருப்பத்தில் அவளும் என்னோடு சேர்ந்து அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். அவள் அடி வைத்தபோது தரையின் ஈரத்தில் அவள் பாதம் பட்டது. ஒரு கணம் அவள் விரல்கள் மடங்கின. பிறகு நேராகக் குத்தினாள், சத்தம் போட்டு. நான் சாரி சொன்னேன், அவளுக்கும் சேர்த்து.

பரீட்சை நாளன்று காலையிலிருந்தே மழை. தஞ்சாவூரிலிருந்து பெரிய மாஸ்டர் வந்திருந்தார். மழையைச் சாக்காக வைத்து அப்பாவும் எங்களோடு வந்துவிட்டார். கூடத்தின் ஓரத்தில், கண்ணாடிக்கு முதுகு காட்டியபடி பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். பாதியில் கரண்ட் போயிற்று. மின்துறை மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே கல்யாண மண்டபத்திலிருந்து பெட்ரோமாக்ஸ் வரவழைத்தார். அது உஸ்ஸென்று இரைந்துகொண்டே, எல்லோருடைய நிழலையும் கண்ணாடிக்குள் நீளமாகத் தள்ளிற்று.

எங்கள் இருவரில் அக்காவின் கட்டா முதலில். ஒரு பிசகில்லை. பெரிய மாஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார், யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பது போல.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பரீட்சையில் வரிசை கிடையாது. நடுக்கூடத்தில் தனியாக ஆட வேண்டும். வணங்கினேன். இடப்பக்கம் தடுத்தேன், வலப்பக்கம் தடுத்தேன், கண்ணாடியைப் பார்த்து நடந்தேன். அதில் நான் இருந்தேன். எனக்குப் பின்னால் அவன் இருந்தான். இடையில் வரிசைகள் இல்லாததால் இப்போது இன்னும் கிட்டத்தில் தெரிந்தான். திருப்பம் வந்தது. திரும்பினேன். அடி எடுத்து வைக்க முடியவில்லை.

“ம், போ” என்றார் மாஸ்டர்.

அப்போது எனக்கு எதிரே, யாருமில்லாத இடத்திலிருந்து, சற்று நேரத்துக்கு முன் நான் எடுத்து வைத்த அடியின் சத்தம் கேட்டது. ஈரத்தரையில் வெறுங்கால் வைக்கிற சத்தம். தாமதமாக, ஆனால் சரியாக.

அதற்குப் பிறகு நான் செய்தது எந்தக் கட்டாவிலும் இல்லை. முதலில் கத்தினேன். பெரிய மாஸ்டரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, அப்பாவின் கால்களைத் தாண்டி, மழையில் இறங்கி ஓடினேன். காவல்காரப் பெரியவரின் கொட்டகைக்குள் புகுந்து அவருடைய கட்டிலுக்கு அடியில் போய்த்தான் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பெரியவர் குனிந்து பார்த்தார். “பரீச்ச முடிஞ்சிருச்சா தம்பி?” என்றார்.

முடிந்துவிட்டது. நான் தேறவில்லை. அக்கா தேறிவிட்டாள். புதுப் பட்டையை இடுப்பில் கட்டக்கூட இல்லாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பா வீட்டுக்கு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

“துணைக்கின்னு அனுப்புனவன் அத்தன பேரு முன்னாடி ஓடியாறான். சொன்னது சொன்னதுதான். இத்தோட ரெண்டு பேரும் நின்னுக்குங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவன் வேணாம்ப்பா. நீங்க வாங்க துணைக்கி.”

“நானா?”

“இருட்டுல தனியா வரக் கூடாது, அவ்வளவுதான? நீங்க வாங்க. ஒரு நாளு வகுப்பு நடக்கும்போது வந்து ஒக்காந்து பாருங்க. ஒங்களுக்கு எடம் சரியில்லன்னு பட்டா நானே நின்னுக்கறேன்.”

அப்பாவுக்கு நியாயம் பேசினால் தட்டத் தெரியாது. அது அவருடைய பலவீனம். “ஒரு நாளு வந்து பாக்குறேன்” என்றார். “சரியில்லன்னா அன்னைக்கோட சரி.”

அந்த ஒரு நாள் வந்தது. இருவரும் கிளம்பிப் போனார்கள். காய்ச்சல் என்று சொல்லி நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சலும் கொஞ்சம் இருந்தது. பஸ் வருகிற நேரம் தாண்டிக்கொண்டே இருந்தது. அப்பாவின் கண்ணில் அவன் பட்டுவிடக் கூடாது என்று, அவனைப் பார்த்த நாளிலிருந்து கூப்பிட்ட அத்தனை சாமிகளையும் மறுபடி வரிசையாகக் கூப்பிட்டேன். பட்டால் அக்காவின் கறுப்புப் பட்டை அன்றோடு போயிற்று.

கேட் சத்தம் கேட்டது. அப்பா குழாயடியில் கால் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“டேய். கடைசி வரிசைக்கும் பின்னாடி தனியா ஒரு பய நிக்கிறானே. கண்ணாடியில பாத்தேன், மூஞ்சி சரியாத் தெரியல. அவன் யாரு வீட்டுப் புள்ள?”

வாசற்படியில் அக்கா நனைந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அசையவில்லை. ஓடுவதற்கு வழியில்லை, அப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

“அவனாப்பா,” என்றேன். “பூவத்துப் பையன். புதுசா சேந்திருக்கான்.”

“பூவமா? அவ்வளவு தூரத்துலேருந்தா?”

“ஆமாம்ப்பா. யார்கிட்டயும் பேசமாட்டான். நல்ல பையன்தான்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “கொஞ்சம் மந்தம். எல்லாம் முடிச்ச பெறவு ஒரு அடி வைக்கிறான். இருந்தாலும் ஓடாம நின்னு கத்துக்கறான் பாரு. அவனப் பாத்தாச்சும் ஒனக்குப் புத்தி வரட்டும்.” உள்ளே போகும்போது அம்மாவிடம் சொல்வது கேட்டது: “எடம் பரவால்ல. நாளையிலேருந்து நானே கூட்டிக்கிட்டுப் போயிட்டு வர்றேன்.”

உலகத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்கிய மகன்கள் நீங்கள் எல்லோரும். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அக்கா குழாயடிக்கு வந்தாள். உடுப்பை நனைத்துச் சோப்புப் போட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பூவமா?” என்றாள் மெல்ல.

“தூரமா இருந்தா போயி விசாரிக்கமாட்டாருல்ல.”

அவள் சிரிக்கவில்லை. துணியைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்.

“எல்லாரும் போன பெறவு, மாஸ்டர் வெளக்க அணைச்சிட்டாரு. அப்பா அந்த வீட்டு வாசல் கேட்டு பக்கத்துல நின்னுக்கிட்டு உள்ள பாத்து, ‘நீயும் வாப்பா, பஸ்ஸு போயிரும்’னு கூப்புட்டாரு. கூப்புட்டுட்டு கேட்டத் தொறந்து புடிச்சிக்கிட்டே நின்னாரு. ஒரு ஆளு தாண்டிப் போற நேரம். அப்பறம்தான் மூடுனாரு.”

“நீ என்ன செஞ்ச?”

“நான் என்ன செய்யறது. வழிவிட்டு ஒதுங்கி நின்னேன்.”

மழை மறுபடி பிடித்தது. தெருவிளக்கு எட்டாத இடத்தில் எங்கள் வீட்டு கேட் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டேன்.

“நாளைக்கும் போறியாக்கா?”

அக்கா உடுப்பைப் பிழிந்து உதறினாள்.

“பின்ன?”